வாய் போகாத கத்தி

காரியாபட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் நிற்கும். அருப்புக்கோட்டை வட்டாரத்து வானம் பார்த்த காட்டில் அந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்கிறார்கள். மரத்தை வெட்ட அரிவாள் வேண்டும். அந்த அரிவாளை அடித்துத் தருகிற பட்டறையின் உலைக்கு அதே மரத்தின் கரி வேண்டும்.

கருவேலம் வெட்டுகிறவருக்கு, புதிதாக வாங்கிய அரிவாள் நல்லதா இல்லையா என்பது அரை நாளில் தெரிந்துவிடும். ஓரம் மடங்கினால் பதம் பத்தவில்லை. ஓரம் பொரிந்து பல் பல்லாக விழுந்தால் பதம் மிஞ்சிவிட்டது. இரண்டுக்குமே ‘வாய் போயிருச்சு’ என்றுதான் சொல்வார்கள். கத்தி, அரிவாள், அருவாமனை எதுவானாலும் வெட்டுகிற ஓரத்துக்கு வாய் என்று பெயர்.

கடைத்தெருவில் காய் நறுக்கும் கத்தி வாங்குகிறவருக்கு அப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. அட்டையில் கட்டிய கத்தி மின்னும். பிளாஸ்டிக் பிடி பச்சையிலோ சிவப்பிலோ இருக்கும். முதல் வாரம் தக்காளி அழகாக அறுபடும். இரண்டாம் மாதம் அதே தக்காளி நசுங்கும். உடனே இன்னொரு கத்தி. இப்படியே வாங்கி வாங்கி அடுக்களைப் பெட்டியில் ஐந்தாறு கத்தி கிடக்கும், ஒன்றும் வெட்டாது. காரணம் அவை துருப்பிடித்ததல்ல. பலவற்றில் தொடக்கத்திலேயே பதம் இல்லை. மீதியைத் தீட்ட ஆளில்லை.

பதம் என்றால் என்ன என்று பார்க்கச் சரியான இடம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. அந்த ஊர் அரிவாளுக்குச் சினிமா கொடுத்த அடிதடிப் பெயர் வேறு. பட்டறையில் அடிபடுவது பெரும்பாலும் விறகுக்கும் தேங்காய்க்கும் கறிக்கடைக்கும் காட்டு வேலைக்கும் போகிற சாமான். மூலப்பொருள் லாரிப் பட்டை, அதாவது வண்டியின் அடியில் பாரம் தாங்குகிற வில். லாரிக்கு உதவாமல் கழித்துப் போட்ட பட்டை இங்கே வந்து அரிவாளாகிறது.

ஏன் லாரிப் பட்டை? இரும்போடு கலந்திருக்கிற கார்பன்தான் காரணம். வீட்டு ஜன்னல் கம்பியில் கார்பன் சுமார் 0.2 சதவீதம்தான். அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. வில் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். அந்த அளவு இருந்தால் எஃகு சூட்டுக்கும் தண்ணீருக்கும் நன்றாகக் கட்டுப்படும்.

ஆசாரி பட்டையை உலையில் வைத்து, சிவந்ததும் குறட்டால் எடுத்து, அடைகல்லில் வைப்பார். எதிரில் நிற்பவர் சம்மட்டி அடிப்பார். பல ஊர்களில் அந்தச் சம்மட்டி வீட்டுப் பெண்களின் கையில் இருக்கும்; மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் உலை போடுகிற குடும்பங்களிலும் அப்படித்தான். உருவம் வந்த பிறகு நடப்பதுதான் பதம் போடும் வேலை. எஃகு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழக்கிறது. அதற்குச் சற்று மேலே, ஆரஞ்சு கலந்த சிவப்பில், அதைத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். நிறத்தைக் கண்ணால் அளக்க வேண்டியிருப்பதால் பட்டறைக்குள் வெளிச்சம் குறைவாகவே வைத்திருப்பார்கள். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் கெட்டியாகும்; கண்ணாடிபோலவே உடையவும் உடையும். அதனால் வாய்ப்பகுதியை மட்டும் தோய்த்து எடுத்து, அதைத் தேய்த்து வெளுப்பாக்கி, முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்க்கு இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். சில நொடி தவறினால் மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டியதுதான். வாய் கெட்டியாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் இருக்கிற ஓர் அரிவாள், வெப்பமானி எதுவும் இல்லாமல், கண் பார்வையில் பிறக்கிறது. இந்தக் கைத்திறனுக்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

இந்தக் கலைக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புக்கான காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பியில், எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய மூசை எஃகு ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் மேற்கு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. லண்டன் கத்திக் கைவினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடேயும் அந்த எஃகின் ரகசியம் தேடிச் சோதனைகள் செய்து 1820-இல் வெளியிட்டார்கள். அந்த ஊட்ஸ் எஃகின் புகழை ஒட்டி இன்று இணையக் கடைகளில் ‘டமாஸ்கஸ்’ என்று விற்கிற நெளிநெளிக் கோலம் போட்ட மலிவுக் கத்திகள் பலவற்றில் கோலம் மேல்தோலில் பொறித்தது மட்டுமே. வெட்டுக்கும் அந்தக் கோலத்துக்கும் சம்பந்தமில்லை.

துருப்பிடிக்காத எஃகு 1913-இல் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழலுக்கு உலோகம் தேடிக்கொண்டிருந்தபோது சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு எளிதில் கறைபடாததைக் கண்டார். இன்றைய அடுக்களைக் கத்திகள் அந்த வம்சம். ஆனால் எவர்சில்வர் என்று நாம் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. குடம், தட்டு, டம்ளர் செய்கிற எவர்சில்வரில் குரோமியத்தோடு நிக்கலும் நிறைய. அது துருப்பிடிக்காது, ஆனால் சூடேற்றித் தோய்த்துப் பதம் போடவும் முடியாது. கத்திக்கான எவர்சில்வர் வேறு. இரண்டையும் பிரித்தறியக் கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சிறு காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். கத்தித் தகட்டில் காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது பாத்திரத் தகடு, வைத்துவிட்டு வரலாம். ஒட்டிவிட்டால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது. கழிக்க வேண்டியதைக் கழிக்க அது உதவும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிடி. தகட்டின் வால் பிடியின் கடைசி வரை ஓடி, இரண்டு மூன்று ஆணியால் இறுகியிருந்தால் நல்லது. பட்டறைக் கத்தியானால் காம்பு பிடிக்குள் ஆழமாக இறங்கி, பிடியின் முகப்பில் பூண் போட்டிருக்க வேண்டும். கண்ணருகே தூக்கிப் பிடித்து வாய் நெடுகப் பார்த்தால் கோணல் தெரியும். காயின் ஈரத்தோடு கை வழுக்குமா என்று யோசித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆறு முதல் எட்டு அங்குலத்தில் ஒன்றும், மூன்று நான்கு அங்குலத்தில் ஒன்றும் இருந்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம். பன்னிரண்டு கத்தி அடங்கிய மரப்பெட்டி வேண்டாத செலவு.

கெட்டித்தன்மையை ராக்வெல் என்ற அளவால் சொல்வார்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் 56 பக்கம் இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். எண் கூடக் கூட கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் பொரியும் அபாயமும் கூடும். முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும் எலும்புக் கறியும் ஒரே கத்தியில் வெட்டுகிற நம் அடுக்களைக்கு 56-தான் ஏற்றது. மொண்ணையானால் வீட்டுக் கல்லிலேயே மீட்டுவிடலாம்.

அருவாமனையை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. மேடை அடுக்களை வந்ததும் அது மூலைக்குப் போனது. ஆனால் கூர் காப்பதில் அதற்கு ஈடில்லை. கத்தி ஒவ்வொரு வெட்டுக்கும் பலகையில் மோதுகிறது. அருவாமனையின் வாயோ காயைத் தவிர எதையும் தொடுவதில்லை. அதனால்தான் பழைய அருவாமனை மாதக்கணக்கில் தீட்டாமலே வெட்டும். கத்தி வைத்திருப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மோதுகிற பலகை மரமாக இருக்க வேண்டும் என்பது. கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் கண்ணாடிப் பலகையிலும் வைத்து நறுக்கினால் எந்த நாட்டுக் கத்தியும் ஒரே வாரத்தில் மழுங்கும். நறுக்கிய வெங்காயத்தைக் கூட்டி வழிக்கும்போது கத்தியைத் திருப்பி முதுகால் வழிக்க வேண்டும். வாயால் வழித்தால் ஓரம் மடங்கும்.

தீட்டுவதுதான் பலருக்கும் பயம். அம்மி ஓரத்திலும் துவைக்கிற கல்லிலும் தேய்த்து வளர்ந்த கைகளுக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. இரும்புக் கடைகளில் கிடைக்கிற, ஒரு பக்கம் கொரகொரப்பும் மறுபக்கம் நைசுமாக உள்ள கார்போரண்டம் கல் ஒன்று போதும். இந்தியாவில் இதை 1954-இல் தொடங்கிய சென்னை கார்போரண்டம் யுனிவர்சல் செய்கிறது. கல்லைத் தண்ணீரில் நனைத்து, நழுவாமல் ஈரத்துணிமேல் வைக்க வேண்டும். கத்தியைச் சாய்க்கிற கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. அதற்குக் கருவி தேவையில்லை. சதுரமான காகித மூலை 90 டிகிரி. ஒரு முறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22½. அந்த மடிப்பைக் கல்மேல் வைத்துப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே கத்தியைப் படுக்க வைத்தால் சரி.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு திரளும். விரலை வாய்க்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். வாய் நெடுகப் பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் ‘இருபது தேய்ப்பு’ என்று எண்ணித் தீட்டுகிறவர்களுக்குக் கூர் வராது. கடைசியில் நைசுப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறி லேசாக இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டால், செய்தித்தாளின் ஓரம் கிழியாமல் அறுபடும்.

சைக்கிளில் வருகிற சாணைக்காரர் நம்பகமானவர்தான். மிதித்து ஓட்டுகிற சக்கரம் அவ்வளவாகச் சூடாகாது. மோட்டார் சக்கரத்தில் கொடுக்கும்போது கவனம் வேண்டும். தீப்பொறி பறக்கப் பறக்கத் தண்ணீர் தொடாமல் பிடித்தால் ஓரம் நீலமாகும். ஆசாரி கண் வைத்துப் பார்த்துப் போட்ட பதம் அந்த நீலத்தோடு போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி நனைத்துப் பிடியுங்கள் என்று சொல்லிக் கொடுப்பதில் தவறில்லை.

பட்டறைக் கத்தி துருப்பிடிக்கும் என்பதே அதை ஒதுக்கச் சொல்லப்படும் முதல் காரணம். உப்புத் தண்ணீர் ஊறும் ஊர்களில் இது உண்மையான தொல்லை. ஆனால் இரண்டு நிறத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாழைக்காயோ வாழைப்பூவோ நறுக்கியதும் கத்தி கறுத்துப் போகும். வாழையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. பழங்கால எழுத்து மை செய்ததும் இதே முறையில்தான். நாளடைவில் படிகிற இந்தக் கறுப்பு கத்திக்குக் கெடுதல் இல்லை. துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். சிவப்புதான் எதிரி. நறுக்கி முடித்ததும் கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி வைத்தால் சிவப்பு அண்டாது. துரு வந்துவிட்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாம். புளியின் அமிலம் தங்காமல் உடனே கழுவித் துடைப்பது முக்கியம். எவர்சில்வர் கத்தியும் சிங்க்கில் உப்புக் கரைசலோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். பாத்திரக் குவியலுக்கு அடியில் கிடக்கிற கத்தி விலக்குகிறவர் கையையும் பதம் பார்க்கும்.

சட்டைப்பைக்கான மடக்குக் கத்தி தனி உலகம். சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் 1884-இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ். 1897-இல் பதிவான அதன் அதிகாரிகள் கத்தியே உலகமெங்கும் பார்க்கிற சிவப்புக் கத்தியின் மூத்த வடிவம். பிரான்சின் ஓப்பினெல் 1890-இல் பிறந்தது. விரித்த தகடு விரல்மேல் மடங்காமல் தடுக்கும் வளையத்தை 1955-இல் சேர்த்தார்கள். மடக்குக் கத்தி வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இந்தப் பூட்டைத்தான். விரித்துப் பிடித்து ஆட்டினால் தகடு பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆட்டுக்குக் குழை அறுக்கவும், சாக்குச் சணலை வெட்டவும், ஒட்டுக் கட்டவும் வைத்திருக்கிற கத்தியின் மடிப்பில் கரிசல் புழுதி ஏறும். தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, திருகு ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் அங்கே ஆகாது. புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பழம் நறுக்கும் முன் தகட்டிலிருந்து மெஷின் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

கத்தி வாங்குகிறவர் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் செய்யப்படாத கத்தியில், தகடு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அதை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகவே கணக்கிடுகின்றன. விமானத்தில் கைப்பையோடு எந்தக் கத்தியும் ஏறாது.

கரிசல் காட்டுப் பழைய வீடுகளில் இன்னும் சில அருவாமனைகள் இருக்கின்றன. தீட்டித் தீட்டித் தகடு பாதி அகலமாகத் தேய்ந்திருக்கும். மணைக்கட்டை உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவை பட்டறைக்கு வரும். ஆசாரி தகட்டைக் கழற்றி, காம்பைத் தட்டி இறுக்கி, வாயைக் காய்ச்சி அடித்துக் கொடுப்பார். மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சுவரோரம் சாத்தியிருக்கும். அதற்கு அடுத்த நாள் காலை சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்க இறங்கிவிடும்.