தோட்டா முன்னால் பாயும்... கூடு எங்கே போகும், தெரியுமா?

அரசின் ‘பூம்புகார்’ கைவினைக் கடையில் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பார்த்திருப்பீர்கள். காவிரிக்கரைப் பித்தளை! துப்பாக்கித் தோட்டாவின் கூடும் பித்தளைதான், தெரியுமா? 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். விளக்கு தலைமுறை தலைமுறையாக எரியும். கூட்டின் வேலையோ ஒரு நொடிகூட இல்லை!

ஏன் பித்தளை? 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகும்! உங்கள் கார் டயரில் 35 இருந்தாலே அதிகம். ஆயிரம் மடங்கு! அந்த அழுத்தத்தில் கூடு உப்பிக் குழலோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் சட்டென்று சுருங்கிப் பிடியை விடும். சுருங்காவிட்டால்? இழுத்தாலும் வராது!

அதை இழுப்பது யார்? ஒரு குட்டிக் கொக்கி! கூட்டின் அடி விளிம்பைக் கவ்விக்கொண்டு துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ‘ஸ்லைடு’ பாகத்தோடு பின்னால் ஓடும். அங்கே ஒரு முட்டு காத்திருக்கும். இடித்தவுடன் கூடு வெளியே பறக்கும், அடுத்த தோட்டா மேலேறும். இவ்வளவும் நடக்க எவ்வளவு நேரம்? ஏறத்தாழ நொடியில் இருபதில் ஒரு பங்கு!

சரி, கூடு பறக்காமல் சிக்கினால் குற்றவாளி யார்? துப்பாக்கி என்கிறீர்களா? பல நேரம் சுடுபவரின் மணிக்கட்டு! பிடி தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமும் கையோடு பின்னால் போய்விடும். ஸ்லைடு ஓடவேண்டிய தூரம் ஓடாது. கூடு வாசலிலேயே மாட்டிக்கொண்டு நட்டமாக நிற்கும்! அதே துப்பாக்கியை இன்னொருவர் இறுக்கிப் பிடித்துச் சுட்டால் ஒரு கோளாறும் இராது. ஆளை மாற்றிப் பார்ப்பதுதான் மலிவான சோதனை!

மணிக்கட்டு நிரபராதியா? அடுத்த சந்தேகம் மருந்து குறைந்த தோட்டா, எண்ணெய் காணாத ஸ்லைடு, ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் விறைப்பான ஸ்பிரிங். கூடு குழலுக்குள்ளேயே தங்கிவிட்டதா? அப்போது விசாரணை கொக்கியின் பக்கம் திரும்பும். நுனி தேய்ந்திருக்கும், அல்லது அடியில் கரி அடைத்திருக்கும். கடுகளவு கரி போதும்! கூடு விழும் இடமே துப்புச் சொல்லும் என்பது தெரியுமா? காலடியில் சோம்பலாக விழுந்தால் ஸ்லைடுக்கு வேகம் போதவில்லை. எங்கோ தூரத்தில் போய் விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்!

இப்படித் தானே கூடு எறியும் பிஸ்டல் நம் வரலாற்றிலும் உண்டு! 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது எதனால்? பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டலால்! அவருக்குப் புதுச்சேரியில் சுடக் கற்றுத்தந்தவர் வ.வே.சு. ஐயர். பிறந்தது திருச்சி வரகனேரி, நம் காவிரிக்கரைக்காரர்! ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவரும் இவரேதான், நம்ப முடிகிறதா?

அதே 1911இல்தான் ஜான் பிரவுனிங் வடிவமைத்த இன்னொரு பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதற்கான சோதனையில் ஒரே பிஸ்டலில் எத்தனை தோட்டா சுட்டார்கள்? 6,000! சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடியும் சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லையாம்!

கூடு எந்தப் பக்கம் பறக்கும்? பெரும்பாலும் வலப்பக்கம். இடக்கைக்காரர்கள் பாடு திண்டாட்டம்! ஜெர்மனியின் லூகர் பிஸ்டலோ நேரே மேலே எறியும். வால்தர் பி38 இடப்பக்கம் எறியும்! ரிவால்வர்? எறியவே எறியாது. காலிக் கூடுகளை நாமாகத்தான் தட்டிக் கொட்டவேண்டும்.

பூம்புகார் ஊருக்குத் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டினார்களே, அவர்களுடைய துப்பாக்கியில் கூடு சிக்குமா? சிக்காது! கூடே கிடையாது! மருந்தையும் குண்டையும் குழல் வாயில் போட்டு இடித்த காலம் அது.

2012 லண்டன் ஒலிம்பிக். 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் நம் ராணுவ வீரர் விஜய்குமார் வெள்ளி வென்றார். கடைசிக் கட்டத்தில் 5 இலக்கு, 5 தோட்டா, நேரம் வெறும் 4 நொடி! ஒரு கூடு சிக்கினால் என்ன ஆகும், யோசியுங்கள்!

கூடு குற்றத்துக்கும் சாட்சி சொல்லும்! 1929இல் சிகாகோவில் ஒரே கொட்டகையில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தரையில் கிடந்த காலிக் கூடுகள் 70! கொக்கியும் முட்டும், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியும் ஒவ்வொரு கூட்டிலும் தழும்பு போடும். அந்தத் தழும்புகளை வைத்தே இரண்டு துப்பாக்கிகளைத் தடய நிபுணர் கால்வின் கோடார்ட் அடையாளம் காட்டினார்!

போலீஸ் பயிற்சித் திடலில் சுட்டு முடித்ததும் காவலர்கள் குனிந்து தரையைத் துழாவுவது ஏன்? காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்கத்தான்! வயலிலோ கடற்கரையிலோ அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். காலியா, மருந்து உள்ளதா என்று தட்டிப் பார்க்கவும் வேண்டாம். 112ஐ அழையுங்கள்!