துளையே இல்லாத கொம்பில் சுரம் மாறுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்து நெம்மாறா–வல்லங்கி வேலா திருவிழாவில் பஞ்சவாத்தியம் முழங்கும்போது திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம் எல்லாவற்றையும் மீறிக் கணீரென்று எழுவது கொம்பு. வளைந்த இந்த உலோகக் குழாயில் நாகஸ்வரம்போல் துளை இல்லை. டிரம்பெட்போல் வால்வும் இல்லை.

சுரம் எப்படி மாறுகிறது?

வாசிப்பவரின் உதடுகள் துடிக்க, குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்கிறது. எல்லா அதிர்வெண்ணும் அதில் நிலைக்காது; ஒரு அடிப்படை அதிர்வெண்ணின் ஏறத்தாழ 2, 3, 4 மடங்குகள்தான் வலுப்பெறும். உதட்டை இறுக்கி ஊதினால் ஒலி ஏணிப்படிபோல் அடுத்த மடங்குக்குத் தாவும். இடைப்பட்ட சுரங்கள் எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் கொம்பு ராக விஸ்தாரத்தில் இறங்காமல் தாளத்துக்கு மெருகூட்டுகிறது. மேலைநாட்டுக் கருவிகளில் அந்த இடைவெளியை நிரப்பியது, குழாயின் நீளத்தை மாற்றும் வால்வு. பிரஷ்யாவில் 1818இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

மேளத்தை மீறிக் கேட்பது ஏன்?

பலமாக ஊதும்போது குழாய்க்குள் அழுத்த அலையின் முகப்பு செங்குத்தாகி, உயர் அதிர்வெண்கள் பெருகுகின்றன. விரிந்த வாய் அவற்றை முன்னோக்கிச் செலுத்துகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்வது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. தோல்வாத்தியங்களின் வலிமை பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், கொம்பின் ஒலி தனித்துக் கேட்கிறது.