வீட்டு விலையும் நிலவாடகையும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

பிரித்தானியாவில் வீட்டு விலை சரியுமா என்னும் வினா புதியதன்று. 1989இலும் 2007இலும் 2022இலும் அது பெருவிவாதமாக எழுந்தது. சரிவு தவிர்க்கவியலாதது என ஒரு சாரார் வாதிட்டனர். மக்கள் பெருகுகின்றனர், நிலம் பெருகுவதில்லை. எனவே விலை இறங்காது என மற்றொரு சாரார் வாதிட்டனர். இரு சாராரும் தமக்கு ஆதாரமாகக் கொண்டது நாடு முழுவதற்குமான சராசரி விலை என்னும் ஒரே எண்ணையே. அவ்வெண் எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவர் இத்துறையிற் புகுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியாக வாழ்ந்த ரொபேட் ட்ரெசெல் எழுதி, அவர் மறைந்தபின் 1914இல் வெளிவந்த நாவலிலே, நகர முதல்வரின் மாளிகையைப் புதுப்பிக்கும் தொழிலாளர் தாம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை செலுத்த வழியின்றித் தவிக்கின்றனர். அக்காலப் பிரித்தானியாவிற் பத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்பது வாடகைக் குடும்பங்களாகவே இருந்தன. 2003ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திற் பத்துக் குடும்பங்களில் ஏழு சொந்த வீடுடையனவாயின. உள்ளூராட்சி மன்ற வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் அவ்வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை வழங்கிய 1980ஆம் ஆண்டுச் சட்டம் இம்மாற்றத்தைத் துரிதப்படுத்தியது. ட்ரெசெலின் மாந்தரை வாட்டிய வாடகை என்னும் சொல்லின் இடத்தை ஈட்டுக்கடன் என்னும் சொல் பிடித்துக்கொண்டது. நாவலின் உள்ளடக்கத்தை மாற்றவல்ல சமூக மாற்றம் இலக்கிய மாணவருக்குப் புறம்பானதாகாது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வீடு என நாம் ஒரே சொல்லாற் குறிப்பது இரு பொருள்களாகும். ஒன்று கட்டடம். அது உழைப்பின் விளைவு, காலஞ்செல்லத் தேய்வது. மற்றையது அது நிற்கும் நிலம். நிலத்தை எவரும் உற்பத்தி செய்யவில்லை. ஆயினும் அதற்கு விலை உண்டு. இவ்விலை உண்மையில் நிலத்திலிருந்து கிடைக்கக்கூடிய வாடகையை நடப்பு வட்டிவீதத்தால் வகுத்துக் கணித்த தொகையே என மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் விளக்குகின்றார்.

கடினமாகத் தோன்றும் இக்கருத்தை யாழ்ப்பாணத்து வாசகர் இலகுவிற் புரிந்துகொள்ளலாம். தேசவழமையில் இடம்பெறும் ஒற்றி முறையில், கடன் கொடுத்தவர் காணியை ஆண்டனுபவிப்பார், வட்டி கேட்கமாட்டார். காணியின் விளைவே வட்டிக்கு ஈடாகின்றது. முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். நிலத்தின் வருவாயும் பணத்தின் வட்டியும் ஒன்றுக்கொன்று ஈடென்பதை ஒற்றி வெளிப்படையாகவே காட்டுகின்றது. ஆங்கில ஈட்டுக்கடனிலோ கடனாளி வீட்டிலேயே குடியிருந்து வட்டி செலுத்துகின்றார். எனவே அவ்வுறவு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. ஆயினும் கணக்கு ஒன்றே. ஆண்டுக்கு 100 பவுண் வருவாய் தரும் நிலம், வட்டி நூற்றுக்கு 10 ஆயின் 1,000 பவுண் பெறும். வட்டி 5 ஆயின் 2,000 பவுண் பெறும். நிலத்தில் ஒரு பிடி மண்ணும் கூடவில்லை. எதிர்கால வாடகை பற்றிய எதிர்பார்ப்பும் இதனுடன் சேரும்போது விலை மேலும் ஏறும்.

இதிலிருந்து பிரதேச வேறுபாட்டின் அடிப்படையும் புலனாகின்றது. வட்டிவீதம் நாடு முழுவதற்கும் ஒன்று. வாடகையோ இடத்துக்கு இடம் வேறு. ஒரே வட்டிவீத மாற்றம் வெவ்வேறு பிரதேசங்களில் வெவ்வேறு பலனை விளைவிப்பதற்குக் காரணம் இதுவே.

1988 மே மாதத்தில் 7.5 அளவிலிருந்த அடிப்படை வட்டிவீதம் 1989 ஒக்ரோபரில் ஏறத்தாழ 15 ஆயிற்று. அதன் தாக்கம் தென்கிழக்கு இங்கிலாந்திலும் கிழக்கு அங்கிலியாவிலுமே கடுமையாயிருந்தது. அங்கு மக்கள் தம் வருமானத்தின் அளவை மிஞ்சிக் கடன்பட்டிருந்தனர். வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பெயரளவு விலை பெரிதும் இறங்கவில்லை. இதனை வடக்கின் நல்வாய்ப்பு எனக் கூறுவோர், 1980களின் தொடக்கத்தில் அப்பிரதேசங்களின் கைத்தொழில்கள் அழிந்தபோதே அங்கு ஏறுவதற்கு விலை இல்லாமற் போயிற்று என்பதை மறந்துவிடுகின்றனர். ஏறாத இடத்தில் இறங்குவதற்கு ஒன்றுமில்லை. 1991இல் மாத்திரம் 75,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கடன் கொடுத்தோர் கையகப்படுத்தினர்.

2007இல் நிலைமை வேறு. அவ்வாண்டு செப்ரெம்பரில் நோதேர்ண் றொக் வங்கியின் வாயில்களில் வைப்பாளர் வரிசையில் நின்றனர். பிரித்தானியாவின் சராசரி விலை 2009 தொடக்கம் வரையில் ஐந்திலொரு பங்களவு இறங்கியது. வட அயர்லாந்திலோ 2013 வரை தொடர்ந்து இறங்கி, பாதிக்கும் கீழாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் பழைய உச்சத்தைப் பெயரளவிற்கூட அது எட்டவில்லை. இலண்டனோ சில ஆண்டுகளுள் இழந்ததனைத்தையும் மீட்டுக்கொண்டது. 1989இன் சரிவில் அசையாதிருந்த வட அயர்லாந்து 2007இல் வீழ்ந்ததேன்? 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னர் ஏற்பட்ட நம்பிக்கையும், எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசிற் பெருகிய கடன்பணமும் அங்கு ஒருங்கே பாய்ந்தன. வாடகையின் வளர்ச்சியை எதிர்பார்ப்பு வெகுதூரம் முந்திவிட்டது.

வீட்டுத் தட்டுப்பாடே விலையேற்றத்தின் காரணம், மேலும் கட்டினால் விலை இறங்கும் என்னும் வாதமும் இவ்விடத்து நோக்கற்பாலது. அதில் உண்மை இல்லாமலில்லை. இலண்டனைச் சூழ்ந்த பசுமை வளையத்தில் வீடு கட்டுவதற்குள்ள தடை நிலவுடைமையாளருக்குப் பெரும் ஆதாயம் தருவதை மறுக்கவியலாது. ஆயினும் அயர்லாந்துக் குடியரசின் அனுபவம் இவ்வாதத்துக்கு எதிர்ச்சான்றாகின்றது. நாற்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்ட அந்நாட்டில் 2006இல் மாத்திரம் ஏறத்தாழ 90,000 வீடுகள் கட்டப்பட்டன. விலையும் ஏறிக்கொண்டேயிருந்தது. வரிச்சலுகை வழங்கப்பட்ட லீற்றிம், லோங்ஃபோட் முதலிய கிராமப்புறங்களில், எவரும் குடிபுகாத வீட்டுத்தொகுதிகள் பின்னர் வெறுமையாய் நின்றன. வேலை இருந்த டப்ளினில் 2013இலேயே விலை மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது. செங்கல் எங்கும் ஒன்றே, வேலையே வேறு.

அபர்டீன் நகரின் நிலையும் இதனையே காட்டுகின்றது. 2014 நடுப்பகுதியிற் பீப்பாய் ஒன்று 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழிறங்கியது. வடகடல் எண்ணெயை நம்பியிருந்த அந்நகரில் வீட்டு விலை வீழ்ந்தது. அதே காலத்தில், அதே ஸ்கொட்லாந்தில், எடின்பரோவில் விலை ஏறியது.

இனி அண்மைக்காலத்துக்கு வருவோம். 2021 டிசெம்பரில் 0.1 ஆக இருந்த வட்டிவீதம் 2023 ஓகஸ்ற்றில் 5.25 ஆயிற்று. பெருஞ்சரிவு வருமெனப் பலர் எதிர்வுகூறினர். பெயரளவு விலையோ சிறிதே இறங்கியது. ஈராண்டுக்கும் ஐந்தாண்டுக்கும் வட்டியை நிலையாக வைத்திருக்கும் கடன்முறை பரவியிருந்தமையால் அடி உடனே விழாது தவணை தவணையாக விழுந்தது. பொதுவிலைகள் விரைந்தேறியமையால், எண்ணில் இறங்காத வீட்டு விலை உண்மைப் பெறுமதியில் ஓசையின்றி இறங்கியது. வாடகைக்கு இருந்தோருக்கு இதனால் ஆறுதல் கிடைத்ததெனக் கூறவியலாது. 2024 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் தனியார் வாடகை நூற்றுக்கு 9 அளவில் உயர்ந்தது.

சரிவை ஆவலுடன் எதிர்பார்ப்போர் பெரும்பாலும் வீடற்ற இளந்தலைமுறையினர். இலண்டனில் ஹரோவிலும் ஈஸ்ற் ஹாமிலும் வாடகைக்கு வாழும் எம்மவர் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். அவர்களது ஏக்கம் நியாயமானது, எதிர்பார்ப்புத்தான் ஐயத்துக்குரியது. 2007இற்கு முன்னர் வீட்டின் பெறுமதிக்கு மேலாகவும், நூற்றுக்கு 125 வரையிலும், கடன் கொடுத்த நிறுவனங்கள் உண்டு. விலை இறங்கியவுடன் அத்தகைய கடன்கள் மறைந்தன. பெருந்தொகையை முற்பணமாகக் கேட்டனர். 2007இற்கும் 2009இற்குமிடையில் நாட்டின் வீட்டு விற்பனை ஏறத்தாழப் பாதியாயிற்று. விலை மலிந்த வேளையில் வாங்கக்கூடியவராயிருந்தவர் கையிற் பணம் வைத்திருந்தவரே. நெருக்கடி தோன்றினால் நீதி தானே பிறக்கும் என நம்புவது மார்க்சியர் சிலரிடத்தும் காணப்படும் பழைய பலவீனம். வீட்டு விலை பற்றிய விவாதத்தில் அது வேறு உடையில் வருகின்றது. 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதத் தொடங்கிய ஏங்கெல்ஸ், தொழிலாளியைச் சொந்த வீட்டுக்காரனாக்குவதால் அவன் விடுதலை பெறுவதில்லை என வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

விலை முற்றாக வீழ்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1931இல் ஏறத்தாழ 855,000 மக்கள் வாழ்ந்த லிவர்பூலில் 2001இல் எஞ்சியவர் 440,000 அளவினரே. துறைமுகத் தொழில் நலிந்தமையே முக்கிய காரணம். வெறுமையான தொடர்வீடுகளை 2013 முதல் அந்நகர மன்றம் வீடொன்று ஒரு பவுணுக்கு விற்றது. விலை என்று சொல்லத்தக்க விலை அங்கு இல்லை. ஆயினும் விண்ணப்பிப்பவர் தொழில் செய்பவராயிருத்தல் வேண்டும் என்பதும், தம் செலவிலேயே வீட்டைத் திருத்தி ஐந்தாண்டுகள் அதில் வாழ்தல் வேண்டும் என்பதும் நிபந்தனைகளாயிருந்தன. வேலையற்றவருக்கு ஒரு பவுண் வீடும் எட்டவில்லை.