லேபிளில் நிற்கும் 42.8

டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம், வோட்கா எதை எடுத்தாலும் லேபிளின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும்: 42.8%. நாற்பதும் இல்லை, நாற்பத்தைந்தும் இல்லை. பல புட்டிகளில் அதன் பக்கத்திலேயே "75 டிகிரி புரூஃப்" என்றும் போட்டிருக்கும். இந்த எண்ணைத் தேடிப் போனால் துப்பாக்கி மருந்தில் போய் நிற்போம்.

சாராயத்துக்கு வரி போட வந்த பழைய இங்கிலாந்து அதிகாரிகளுக்குப் பெரிய சிக்கல். தண்ணீரும் சாராயமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? துப்பாக்கி மருந்தைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்தினார்கள். மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு தேறியது. தண்ணீர் மிகுந்து மருந்து நமுத்துப்போனால் தேறவில்லை. 'புரூஃப்' என்ற சொல்லுக்கு இங்கே சோதனை என்று பொருள்.

1816-இல் இந்த முறைக்குப் பதிலாக அடர்த்தியை அளக்கும் முறை சட்டமானது. பால்காரர் செம்பில் மிதக்கவிடும் பால்மானி இருக்கிறதே, அதன் உடன்பிறப்புதான் சைக்ஸ் திரவமானி. சாராயம் தண்ணீரைவிட இலேசானது. அதனால் சரக்கு வீரியமாக இருந்தால் மானி ஆழமாக அமிழும். தண்ணீரின் அடர்த்தியில் 13-இல் 12 பங்கு இருந்தால் அது '100 புரூஃப்'. இன்றைய கணக்கில் கன அளவில் ஏறத்தாழ 57.1% எத்தனால், அதாவது தூய ஆல்கஹால். அதில் முக்கால் பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 42.8 வரும்! பிரிட்டன் 1980-இல் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. நம் புட்டிகளில் இன்னும் நிற்கிறது.

இந்த எண் மிகத் தெளிவாகப் பேசுவது வோட்காவில்தான். அதற்கென்று நிறம் இல்லை, மணமும் இல்லாத அளவுக்குச் சுத்தப்படுத்துகிறார்கள். ரஷ்யாவிலும் போலந்திலும் ரை என்னும் தானியம், கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். நம் நாட்டில் கரும்பாலைக் கழிவுப்பாகு ஒரு முக்கிய மூலப்பொருள். எதிலிருந்து தொடங்கினாலும் வாலை வடித்தலுக்கு ஓர் எல்லை உண்டு. எத்தனால் எடையில் 95.6 விழுக்காட்டை எட்டியதும், ஆவியில் உள்ள கலவையும் திரவத்தில் உள்ள கலவையும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் எத்தனை முறை காய்ச்சினாலும் மீதித் தண்ணீர் பிரியாது. பிறகு குடிக்கும் பதத்துக்குத் தண்ணீர் சேர்ப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வியப்பு அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. அரை லிட்டர் தூய எத்தனாலும் அரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு லிட்டர் வராது. சுமார் 965 மில்லிதான் வரும். ஒரு படி கொண்டைக்கடலையில் ஒரு படி ரவையைக் கொட்டினால் இரண்டு படி தேறாது அல்லவா? ரவை இடுக்குகளில் இறங்கிவிடும். இங்கே அதற்கும் மேலாக, எத்தனால் மூலக்கூறும் நீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று நெருக்கி இழுத்துக்கொள்கின்றன. கலக்கும்போது பாத்திரத்தைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் 1865-இல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இந்தக் கலவையைத்தான். வோட்காவுக்கு 40 விழுக்காடு என்று வகுத்தவர் அவரே என்பார்கள். அது வெறும் கட்டுக்கதை.

கலந்தால் சுருங்கும் பொருளை வெறும் கூட்டல் கழித்தலால் அளக்க முடியாது. அதனால்தான் கலால் அதிகாரிகள் வெப்பநிலைக்கும் அடர்த்திக்குமான அட்டவணைகளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அவர்களுக்கு அந்த எண் வரிக் கணக்கு. குடிப்பவருக்கு அது உடம்புக் கணக்கு. 42.8 என்று போட்ட 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி தூய எத்தனால் இருக்கிறது. எடையில் அது 61 கிராம்.