வீட்டைச் சுருக்கும் கணக்கு

சென்னையில் அசோக் நகர், அண்ணா நகர், நங்கநல்லூர் முதலிய இடங்களில், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன், பிராவிடெண்ட் பண்டிலிருந்து பெற்ற முன்பணத்தோடு மனைவியின் நகைகளை அடகு வைத்த தொகையையும் சேர்த்து, ஒரு கிரவுண்டு மனை வாங்கி, முதலில் கீழ்த்தளமும் பிள்ளைகள் வளர வளர மாடியுமாகக் கட்டிக்கொண்ட மத்தியதரக் குடும்பங்கள் அநேகம். அந்தப் பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் குடித்தனம் செய்கிறார்கள். நான்கு அறைகளும் முன்புறத் தோட்டமும் பின்கட்டில் கிணறுமாக விஸ்தாரமாய் அமைந்த வீட்டில், மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிற வயதில் இரண்டு பேர் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். இவர்கள் வீட்டை விற்றுவிட்டுச் சிறிய பிளாட் ஒன்றுக்குக் குடிபோவது உசிதமா என்று கேட்டால், உசிதம் என்பதே என் திடமான அபிப்பிராயம். ஆயினும் அதனால் வரும் ஆதாயம், சாதாரணமாக எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில் இருப்பதில்லை.

இரண்டு கோடிக்கு விற்று ஒரு கோடிக்கு வாங்கினால் ஒரு கோடி கையில் நிற்கும் என்பது முதல் பார்வைக்குத் தோன்றும் கணக்கு. அப்படி நிற்பதில்லை. வீட்டை விற்றுத் தந்தவருக்கும் வாங்கித் தந்தவருக்கும் தரகு உண்டு. புதிதாகக் கட்டிய பிளாட்டை முதன்முறையாக வாங்கும்போது, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை மதிப்புள்ளதற்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகவே ஒரு கோடி ரூபாய் பிளாட்டுக்கு ஏழு லட்சம் பத்திரச் செலவிலேயே போய்விடும். கட்டி முடியாத பிளாட்டாக இருந்தால் சரக்கு சேவை வரி வேறு உண்டு. பணி நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்கப்படும் பிளாட்டுக்கு அந்த வரி கிடையாது என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது மூலதன ஆதாய வரி. விற்ற வீட்டில் கிடைத்த லாபத்தைக் கொண்டு, விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், வாங்கிய விலையளவுக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் லாபம் ஒரு கோடியே அறுபது லட்சமாக இருந்து, புதிய வீட்டுக்குப் பத்திரச் செலவு உட்பட ஒரு கோடியே ஏழு லட்சந்தான் ஆயிற்று என்றால், மீதி 53 லட்சத்துக்கு 12.5 சதவீத விகிதத்தில் வரி கட்டியாக வேண்டும். உபரி வரிகளும் சேர்ந்தால் அது ஏழெட்டு லட்சத்தைத் தொடும். முதுமையில் தேவையைச் சுருக்கிக்கொண்டு, எஞ்சியதை வைத்துப் பிறர் கையை எதிர்பாராமல் ஜீவிக்க நினைப்பவரிடம் வரி கேட்டு, லாபம் முழுவதையும் மறுபடியும் செங்கல்லிலும் சிமெண்டிலும் முடக்குகிறவரை விட்டுவிடுகிற இந்த ஏற்பாடு நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதங்களுக்குள் அரசு சார்ந்த குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டு வரியைத் தவிர்க்கலாம். எனினும் பணம் ஐந்து ஆண்டு முடங்கிக் கிடக்கும், வட்டியும் குறைவு. எழுபதை நெருங்குகிறவர்கள் வரியைக் கட்டிவிட்டுப் பணத்தைத் தம் வசத்தில் வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடாயின், அந்த 2001 ஏப்ரல் மாதச் சந்தை மதிப்பையே அசல் விலையாகக் காட்டச் சட்டம் இடமளிப்பதால், விற்பதற்கு முன்பே தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை பெற்று வைத்துக்கொள்வது அவசியம்.

இத்தனையும் போக, ஏறக்குறைய எண்பது லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் அலுவலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், அறுபது வயது கடந்த ஒருவர் 2023 முதல் 30 லட்சம் வரை போடலாம். கணவனும் மனைவியும் தனித்தனியே போட்டால் 60 லட்சம், 8.2 சதவீத வட்டிப்படி ஆண்டுக்கு 4,92,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 41,000 ரூபாய் ஆகிறது. மிச்சமுள்ள இருபது லட்சம் வைத்தியத்துக்கென்று தனியே நிற்கும். வட்டிக்கு வருமான வரி உண்டென்றாலும், ஓய்வூதியமில்லாத தனியார் நிறுவனத்தில் உழைத்து ஓய்ந்த ஒருவருக்கு இந்தத் தொகை எத்தகைய நிம்மதி என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதற்கு நிகரான ஆதாயம் செலவு பக்கத்திலும் இருக்கிறது. 2022-இல் சென்னையின் பழைய எல்லைக்குட்பட்ட பகுதிகளில் சொத்து வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 50 சதவீதமும், 1,200 வரை 75 சதவீதமும், 1,800 வரை 100 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் கூட்டினார்கள். வீடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாரம். மின் கட்டணமும் அவ்வாறே: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி முந்தியவற்றில் ஒரு பகுதிக்கும் உயர்ந்த விகிதம் வந்து சேருகிறது. மொட்டைமாடியில் நீர்க்கசிவு, கிணற்று மோட்டார் பழுது, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் சுவர் பூச்சு, தென்னை மரத்துக்கு ஆள், வெளியூர் போனால் காவலுக்கு ஆள் என்று தனி வீட்டின் செலவுகளுக்கு முடிவே இல்லை. பிளாட்டில் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் உண்டுதான். ஆனால் அது பலருக்குப் பங்கான செலவு, முன்கூட்டியே தெரிந்த செலவு.

ஆனால், சிக்கனம் கருதிச் சுருங்குகிறவர்கள் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம் நிலப்பங்கு. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேய்கிறது; நாளடைவில் மதிப்பாக நிற்பது, பிரிபடாத பாகமாகப் பத்திரத்தில் எழுதப்படும் நிலந்தான். பளிங்குத் தரையும் நீச்சல்குளமும் காட்டி, அற்ப நிலப்பங்கைக் கொடுக்கிற பதினெட்டு மாடிக் கட்டடத்தைவிட, லிப்ட் வசதியுள்ள சாதாரண நான்கு மாடிக் கட்டடத்தில் கூடுதல் நிலத்தோடு கிடைக்கும் வீடு எவ்வளவோ மேல். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட, 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருப்பதால், நிலப்பங்கின் முக்கியத்துவம் இன்னும் அதிகரித்திருக்கிறது. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியை, விலை மலிவென்று வாங்குவதைப் போன்ற தவறு வேறில்லை. முப்பது வருஷமாகப் பழகிய டாக்டரும், மருந்துக்கடையும், கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்படி அதே பேட்டையில் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு புறநகரைப் பற்றி யோசிப்பதே விவேகம்.

கட்டுநரிடம் மனையைக் கொடுத்து, பிளாட்டுகளாகப் பங்கு பெறும் வழியும் உண்டு. ஆனால் அதில் இரண்டு மூன்று ஆண்டு வாடகை வீட்டில் காத்திருக்க வேண்டும். வேலை தாமதமானால் வயோதிகரால் யாரிடம் போய் வாதாட முடியும்? பக்கத்தில் பிள்ளை இருந்தாலொழிய இதில் இறங்கலாகாது.

பொருள்களைக் கழிப்பதுதான் பணக்கணக்கில் சேராத பெருஞ்சிரமம். பரண்மேல் உள்ள பித்தளை அண்டா, தேக்கு ஊஞ்சல், ஒன்பது படி கொலு, மூன்று தலைமுறைப் புத்தகங்கள் ஆகிய இவற்றுக்குச் சிறிய பிளாட்டில் இடமிராது. தேகத்தில் தெம்பிருக்கும்போதே, எது யாருக்கு என்று தாங்களே தீர்மானித்துக் கொடுத்துவிட்டால் மனத்துக்கு ஆறுதலுண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் அவசரத்தில் பழைய சாமான்காரன் வந்து அள்ளிக்கொண்டு போகும்படி விடுவது கொடுமை. ஆதலால் இந்தக் காரியம் அறுபதுகளிலேயே நடந்துவிட வேண்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். புதிய வீட்டை இருவர் பெயரிலும் பதிவு செய்யுங்கள். மிஞ்சிய தொகையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாசத்தின் மிகுதியில் பிள்ளைகள் பெயருக்கு இப்போதே எழுதிவைக்கத் துணிந்தால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதப்பட்டு, அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, அந்தப் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கக் கோரித் தீர்ப்பாயத்தை அணுக உங்களுக்கு உரிமை உண்டு.