பழைய மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸ் போடுவதற்கு முன்

நெல் அறுவடை நேரம். விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எடைமேடைக்கு வெளியே ஏழெட்டு லாரிகள் நிற்கின்றன. பன்னிரண்டு வருடம் உழைத்த கணினி முந்தின நாள் அடங்கிவிட்டதால், உரிமையாளர் அவசரமாகப் புதிது வாங்கியிருந்தார். விண்டோஸ் 11. எடைச்சீட்டு அடிக்கும் பழைய மென்பொருளை அதில் ஏற்றியாயிற்று. திரை வந்தது, லாரி எண் அடிக்க முடிந்தது, எடை மட்டும் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. மேசைமேல் இருந்த எடைகாட்டியில் 24,380 என்று சிவப்பாக எரிகிறது, கணினிக்குள் அது வந்து சேரவில்லை. "இதுக்கு லெவன் ஒத்து வராது சார், ஃபார்மட் அடிச்சு செவன் போட்டுரலாம்" என்று, கணினி விற்ற கடையிலிருந்து வந்த பையன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்தப் பேச்சை நான் 2007 முதல் கேட்டு வருகிறேன். அப்போது "எக்ஸ்பி போட்டுரலாம்" என்பார்கள். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியில்தான் ஐந்து வருடத்துக்கு மேல் எல்லா அலுவலகமும் ஓடியது. கணக்கு மென்பொருள், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாமே அதன் பழக்கத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா கடைக்கு வந்தபோது அந்தப் பழக்கங்கள் பல செல்லாமல் போயின. வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால், டெல் நிறுவனம் அதே ஏப்ரலில் வீட்டுக் கணினிகள் சிலவற்றில் எக்ஸ்பியைத் திரும்பக் கொண்டுவந்தது. கணினி நிறுவனங்களுக்கு எக்ஸ்பி கொடுப்பதை 2008 ஜனவரியோடு நிறுத்துவதாக இருந்த மைக்ரோசாஃப்ட், அதை ஜூன் 30 வரை தள்ளிப்போட்டது. அதற்குப் பிறகும் பெட்டிக்குள் விஸ்டா தகடு ஒன்று சும்மா கிடக்க, கணினியில் எக்ஸ்பி ஓடும்படி விற்ற காலம் உண்டு. அது முழுக்கச் சட்டப்படியான விற்பனைதான். ஆகவே பின்னோக்கிப் போவது தவறான வேலை என்று நான் சொல்லமாட்டேன். எது அறுந்தது என்று பார்க்காமல் போவதுதான் தவறு.

எடைமேடையில் அறுந்தது என்ன? பழைய கணினியின் பின்புறத்தில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருந்தது. எடைகாட்டியின் வயர் நேராக அதில் செருகப்பட்டிருந்தது. புதியதில் அந்தப் போர்ட்டே கிடையாது, அதனால் யூஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். விண்டோஸ் அதற்கு 'காம் 7' என்று எண் கொடுத்துவிட்டது. எடைச்சீட்டு மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தால் காம் 1 முதல் காம் 4 வரைதான் தேர்ந்தெடுக்க முடியும். அதை எழுதியவர் காலத்தில் ஏழாவது போர்ட் என்று ஒன்றை யாரும் நினைத்திருக்கவில்லை. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் மேல் வலது கிளிக் செய்து, அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், எண்ணை 1 என்று மாற்றினோம். மென்பொருளை மூடித் திறந்ததும் திரையில் 24,380 வந்தது. செவன் போட்டிருந்தாலும் அந்தக் கன்வர்ட்டருக்கு வேறு ஏதாவது எண் விழுந்திருக்கலாம், எடை அப்போதும் வந்திருக்காது.

எல்லா வழக்கும் இவ்வளவு எளிதில் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாமல் போவதற்கு அடிக்கடி காணும் காரணம் பிட் கணக்கு. டாஸ் காலத்து மென்பொருளும் விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருளும் 16-பிட் உலகத்தைச் சேர்ந்தவை. 32-பிட் விண்டோஸுக்குள் அவற்றை ஓட்டித்தரும் பகுதி ஒன்று உண்டு. 64-பிட் விண்டோஸில் அது இல்லை. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு இருந்தது, விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டாக மட்டும்தான். ஃபாக்ஸ்புரோவில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த பில்லிங் நிரல் புதுக் கணினியில் திறக்கவே மறுக்கிறதென்றால் காரணம் இதுதான். அதற்கும் முழு இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற இலவசக் கருவிகள், விண்டோஸ் 11க்குள்ளேயே ஒரு டாஸ் கணினியைப் போலச் செயல்பட்டு அந்த நிரலை ஓட்டும், பிரிண்டும் எடுத்துத் தரும். சில நேரம் மென்பொருள் 32-பிட்டாக இருக்கும், அதை நிறுவும் செட்டப் கோப்பு மட்டும் 16-பிட்டாக இருக்கும். பழைய கணினியில் நிறுவிய ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக் கொண்டுவந்தாலே அவற்றில் பல ஓடிவிடும்.

அடுத்தது டிரைவர். இதில்தான் உண்மையான சுவர் இருக்கிறது. 32-பிட் மென்பொருள் 64-பிட் விண்டோஸில் ஓடும், 32-பிட் டிரைவர் ஓடவே ஓடாது. பழைய டிடிபி மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள், எம்பிராய்டரி இயந்திரத்துக்கான இணைப்பு அட்டை, ஆய்வகக் கருவி எல்லாவற்றுக்கும் டிரைவர் வேண்டும். தயாரித்த நிறுவனம் 64-பிட் டிரைவர் வெளியிடாமலே மூடிப்போயிருந்தால் நம் கையில் செய்ய ஒன்றுமில்லை. அங்கே பின்னோக்கிப் போவது நியாயம்தான். அப்போதும் விண்டோஸ் 7க்கு ஓடிவிடாமல், 32-பிட் விண்டோஸ் 10 போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். தடையாக இருந்தது விண்டோஸின் வயதா, அதன் பிட்டா என்பது அதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம் ஓசையில்லாமல் ஏமாற்றும். எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் தம் பக்கத்திலேயே தரவை எழுதிக்கொள்ளும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. ஆனால் பழைய மென்பொருள் முறிந்துவிடக் கூடாதென்று, எழுத வந்ததை வாங்கி, பயனரின் மறைவிடமான 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற ஃபோல்டரில் போட்டுவைக்கும். மென்பொருளுக்கு இது தெரியாது. ஒரு மொத்த மளிகைக் கடையில் நான் பார்த்தது இது: காலையில் கணக்குப்பிள்ளை தன் லாகினில் போட்ட பில்கள், மாலையில் முதலாளி தன் லாகினில் திறந்தால் இல்லை. திருட்டோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் போய்விட்டது. இருவரின் பில்களும் இரண்டு மறைவிடங்களில் பத்திரமாக இருந்தன. தினமும் எடுத்த பேக்கப்பில் மட்டும் இரண்டுமே இல்லை, ஏனென்றால் அது புரோகிராம் ஃபைல்ஸைத்தான் நகலெடுத்தது. மென்பொருளை சி டிரைவில் தனி ஃபோல்டரில் நிறுவி, எழுதும் அனுமதி கொடுத்ததும் சரியாயிற்று.

மற்றவை சின்னச் சின்னத் தடைகள். டாட்நெட் 3.5 கேட்கும் மென்பொருளுக்கு விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஒரு டிக் போட்டால் போதும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் தளங்களுக்கு எட்ஜ் உலாவியில் ஐஈ மோடு இருக்கிறது. 'நான் எக்ஸ்பியில் இருக்கிறேனா' என்று பதிப்பு எண்ணைப் பார்த்து அடம்பிடிக்கும் மென்பொருளுக்கு, அதன் ஐகானின் பிராப்பர்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதி உண்டு. விண்டோஸ் அங்கே தன்னைப் பழைய பதிப்பு என்று அதனிடம் சொல்லிக்கொள்ளும்.

இதையெல்லாம் பார்த்தும் முடியவில்லை, பின்னோக்கித்தான் போக வேண்டும் என்றால், உங்கள் கையில் என்ன உரிமம் இருக்கிறது என்று பாருங்கள். கணினியோடு வரும் விண்டோஸ் புரோ பதிப்புக்கு டவுன்கிரேடு உரிமை உண்டு, ஹோம் பதிப்புக்குக் கிடையாது. விண்டோஸ் 10 புரோவோடு வந்த கணினி என்றால் 8.1 புரோவுக்கோ 7 புரொஃபஷனலுக்கோ போகலாம். விண்டோஸ் 11 புரோவோடு வந்ததென்றால் விண்டோஸ் 10 புரோ வரைதான். புதுக் கணினியில் "செவன் போட்டுரலாம்" என்பவர் அநேகமாகத் திருட்டுப் பிரதியைத்தான் சொல்கிறார். அதை ஆக்டிவேட் செய்ய அவர் ஓட்டும் சின்ன நிரல், வைரஸ் எதிர்ப்பை அணைத்துவிட்டு, முழு நிர்வாக அனுமதியோடு உங்கள் கணக்குப் புத்தகம் இருக்கும் கணினிக்குள் நுழைகிறது. அதற்குள் வேறு என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. கடை, அலுவலகத்துக்குக் கணினி வாங்குபவர்கள் ஹோம் பதிப்பை எடுக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். கூடுதலாகக் கொடுக்கும் பணம் பின்னால் ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. உரிமம் இருந்தாலும் பழைய விண்டோஸின் நிறுவல் தகட்டை மைக்ரோசாஃப்ட் தேடிவந்து தராது, நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒருநாள் விண்டோஸ் 11க்கே திரும்பலாம், அந்த உரிமை போய்விடாது.

உரிமத்தைத் தாண்டி இயந்திரமும் ஒத்துழைக்க வேண்டும். புதுக் கணினியில் விண்டோஸ் 7ஐ நிறுவப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும்: மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரை வரும், மவுஸ் அசையாது, கீபோர்டு வேலை செய்யாது. பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் 7க்குள் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, புதிய போர்டுகளோ எல்லா யூஎஸ்பியையும் அந்த வழியாகவே ஓட்டுகின்றன. என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டியையும் அது தானாகக் கண்டுகொள்ளாது. டிரைவர்களை நிறுவல் கோப்புக்குள் முன்கூட்டியே சேர்த்து அதைக் கடந்தாலும், கிராபிக்ஸுக்கும் நெட்வொர்க்குக்கும் டிரைவர் தேடி அலைய வேண்டியிருக்கும். எக்ஸ்பி நாட்களிலும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்கை அடையாளம் காணாமல் நீலத்திரையில் நின்றுவிடும், பயாஸில் ஏஹெச்சிஐ என்பதை ஐடிஈ என்று மாற்றினால் மேலே போகும்.

பின்னோக்கிப் போன கணினியை யாரும் காப்பாற்ற வருவதில்லை என்பதை உரிமையாளர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்று நின்றன, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. இப்போதைக்கு விண்டோஸ் 10க்கு மட்டும், அலுவலகங்கள் பணம் கட்டி 2028 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ளலாம். முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் அது இரட்டிப்பாகும். திருத்தம் இல்லாத கணினிக்கு என்ன நேரும் என்பதை 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற தீநிரல் காட்டியது. பிரிட்டனில் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றைக் காப்பாற்றியிருக்கக்கூடிய திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது.

வான்னாகிரை பரவிய பாதை, எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. இப்போது புதிய விண்டோஸில் அது தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் ஒரே அலுவலகத்தில் உள்ள எக்ஸ்பி கணினியின் ஷேர் ஃபோல்டர் புதுக் கணினிக்குத் தெரிவதில்லை. பலர் உடனே எஸ்எம்பி 1ஐப் புதியதிலும் இயக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய விண்டோஸ் ஓடும் கணினியின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள். அது எடை போடட்டும், துணி தைக்கட்டும். வங்கி வேலையும் ஜிஎஸ்டி தாக்கலும் மின்னஞ்சலும் வேறு கணினியில் நடக்கட்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, என் தேர்வு பெரும்பாலும் அதுதான். விண்டோஸ் 11 அப்படியே இருக்க, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் பழைய விண்டோஸை ஒரு தனிச் சாளரத்தில் ஓட்டுவது. விண்டோஸ் 7 வந்தபோது அதன் புரொஃபஷனல் பதிப்புக்கு 'எக்ஸ்பி மோடு' என்று மைக்ரோசாஃப்ட் தந்தது இதே முறையைத்தான். யூஎஸ்பி டாங்கிளை உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு ஒப்படைக்கலாம், நெட்வொர்க்கை ஒரு கிளிக்கில் துண்டிக்கலாம். உள்ளே ஓடும் விண்டோஸுக்குத் தனி உரிமம் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. இதில் எனக்கு மிகப் பிடித்தது, அந்தப் பழைய கணினி முழுவதும் ஒரு கோப்புறையாக இருப்பதுதான். அதை நகலெடுத்துப் பூட்டி வைத்தால், வெளியே இருக்கும் கணினி எரிந்துபோனாலும் வேறொன்றில் அன்று மாலையே ஓட்டலாம். உள்ளே செருகும் அட்டைகளுக்கும் பழைய பேரலல் போர்ட் டாங்கிளுக்கும் மட்டும் இது உதவாது.

எந்த வழியில் போனாலும் கை வைப்பதற்கு முன் புதுக் கணினியின் முழு நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11 கணினிகள் பல, வாங்கும்போதே பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் செக்யூர் பூட் அமைப்பை மாற்றிய அடுத்த நொடி அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் முதன்முதலில் லாகின் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்த லாகினை விற்பனைக் கடைப் பையன் தன் மின்னஞ்சலில் போட்டிருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முதலில் அந்த மீட்பு எண்ணை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேசை இழுப்பறையில் பழைய மென்பொருளின் சிடி கிடக்கும், உறையின் மேல் பேனாவால் எழுதிய சீரியல் எண் பாதி அழிந்திருக்கும். சிடி டிரைவ் உள்ள கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிடியைப் பென் டிரைவில் ஏற்றி, உறையையும் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.