நட்சத்திரத்தைக் கிழித்த கருந்துளை

சிதைந்த நட்சத்திரத்தின் மிச்சத்தில் மோதுகிறது இன்னொரு விண்பொருள். இந்தியாவின் அஸ்ட்ரோசாட்டும் இதற்குச் சாட்சி.

டிசம்பர் இரவு. மைசூரின் ஹெப்பாளில் ஒரு மொட்டை மாடி. தொழிற்பேட்டை விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறிப் பளிச்சிடுகிறது ரைகல் நட்சத்திரம். அதற்குச் சற்று மேற்கே வெறும் இருட்டு. ஆனால் அங்கேதான், சுமார் 21 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு நட்சத்திரம் கிழிபட்டுச் செத்திருக்கிறது.

அந்தச் சாவின் ஒளியைத் தொலைநோக்கிகள் கண்டது 2019-ல். ஒரு கேலக்ஸியின் மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளையை நட்சத்திரம் நெருங்கிவிட்டது. கடலில் சந்திரன் ஓதம் எழுப்புகிறதே, அதே விதிதான். கருந்துளையைப் பார்த்த பக்கம் பலமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கப்பட, நட்சத்திரம் நூலாக நீண்டு சிதறியது. அதன் வாயுவில் ஒரு பகுதி கருந்துளையைச் சுற்றித் தட்டுப் போலப் படிந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2023 டிசம்பரில் சந்திரா தொலைநோக்கி அதே இடத்தை நோக்கியபோது எக்ஸ் கதிர்கள் பொங்கி அடங்கின. (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய அமெரிக்கத் தொலைநோக்கி அது.) தொடர்ந்து கண்காணித்ததில் தெரிந்தது: சுமார் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை இதே பொங்கல்.

எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடும் என்பதால் எந்த மலை உச்சியிலிருந்தும் இதைப் பார்க்க முடியாது. 2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட் இங்கேதான் கைகொடுத்தது. அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் பொங்கலைப் பதிவு செய்தது.

காரணம்? 2024 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு தரும் விளக்கம் இது: கருந்துளையைச் சுற்றும் இன்னொரு பொருள், தட்டை ஊடுருவும்போதெல்லாம் மோதிச் சூடாக்குகிறது. அது நட்சத்திரமாக இருக்கலாம், சிறிய கருந்துளையாகவும் இருக்கலாம். இத்தகைய பொங்கல்கள் 2019-லேயே வேறு கேலக்ஸிகளில் தெரியவந்தவை. காரணம்தான் புதிராக இருந்தது. நட்சத்திரச் சிதைவும் பொங்கலும் ஒரே இடத்தில் சிக்கியதில் புதிரின் முடிச்சு தளர்ந்திருக்கிறது.

நமக்கு ஆபத்தா? நமது பால்வெளியின் மையத்திலும், 40 லட்சம் சூரியன்களின் எடையோடு, ஒரு கருந்துளை உண்டு. எஸ்2 என்ற நட்சத்திரம் அதை 16 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. 2018-ல் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் 120 மடங்கு தூரத்துக்குள் போய், பத்திரமாகத் திரும்பியது. சூரியனோ அந்த மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுகள் தள்ளி இருக்கிறது. கருந்துளை தேடி வந்து விழுங்குவதில்லை. அளவு மீறி நெருங்குவதுதான் வினை.